மலை வீட்டு ஜன்னல்: குளிர், ஈரம், புழுக்கம் – அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

உதகை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீடு பழுதுபார்க்கப் போகும்போது நான் முதலில் பார்ப்பது ஜன்னல் கொக்கியை. கொக்கி துருவேறி அசையாமல் இருந்தால் அந்த ஜன்னலை மாதக்கணக்கில் யாரும் திறக்கவில்லை. கொக்கி தேய்ந்து பளபளத்து, அதன் கீழே சட்டத்தில் வில்போல ஒரு கீறல் விழுந்திருந்தால், அது எந்நேரமும் இரண்டு விரல் திறந்தே கிடக்கிறது. இரண்டு வீட்டுக்காரர்களும் சொல்வது ஒன்றுதான்: வீடு குளிர்கிறது, கரன்ட் பில் ஏறுகிறது, சுவர் நாறுகிறது.

மலையில் ஜன்னலை ஒரே நிலையில் விட்டுவைக்கக் கூடாது. காய்ந்த வேளை பார்த்து அகலத் திறக்க வேண்டும், வேலை முடிந்ததும் இறுக மூட வேண்டும். எந்த வேளை, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்பது உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறியைப் பொறுத்தது. உங்களுக்கு உரியதைத் தேடிப் படியுங்கள். ஆனால் முதல் அறிகுறியை எல்லோரும் படித்துவிடுங்கள்.

காலையில் தலைவலி, குமட்டல், எழ முடியாத அசதி

இரவு அறைக்குள் கரி அடுப்போ, விறகுத் தணலோ, பார்பிக்யூ அடுப்போ இருந்ததா? இருந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். எல்லோரையும் எழுப்பி உடனே வெளியே வாருங்கள். வரும் வழியில் கதவை அகலத் திறந்துவிடுங்கள், 108-ஐ அழையுங்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. புகை அடங்கி, நீறு பூத்துக் கிடக்கும் கரியும் அதை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். தூங்குபவர் தூக்கத்திலேயே மயங்கிவிடுவார். ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும் என்று நம்பிப் படுத்தவர்களும் இறந்திருக்கிறார்கள். புகைபோக்கி இல்லாத தணல் எதுவும் படுக்கும் அறைக்குள் வரக் கூடாது. குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசரும் இதே ஆபத்துதான். அதை வெளிச்சுவருக்கு மாற்றும் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

அறையில் நெருப்பே இல்லை, இருந்தும் காலையில் தலை கனக்கிறது என்றால் அது பெரும்பாலும் இரவெல்லாம் மூடிக் கிடந்த காற்றின் வேலை. அடுத்த பகுதி அதற்கும் பொருந்தும்.

விடிந்ததும் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது

வெளியிலிருந்து கசிகிறது என்று பலர் வெளிப்பக்கம் பட்டி வைத்துப் பூசுகிறார்கள். விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் உள்பக்கத்தில் இருந்தால் அது உங்கள் மூச்சிலிருந்து வந்த தண்ணீர்.

கணக்கு இது. தூங்கும் ஒருவர் மணிக்கு 40 முதல் 50 கிராம் நீராவி வெளிவிடுகிறார். இருவர் எட்டு மணி நேரம் தூங்கினால் முக்கால் லிட்டர். 12க்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் உள்ளே இருப்பது 34 கன மீட்டர் காற்று. 18 டிகிரியில் அந்தக் காற்று மொத்தமாகத் தாங்கக்கூடிய நீராவியே அரை லிட்டர்தான். அதிலும் பாதிக்கு மேல் நீங்கள் படுக்கும்போதே நிறைந்திருக்கும். மிச்சம் எங்கே போகும்? அறையில் மிகக் குளிர்ந்த இடம் எதுவோ அங்கே படியும். முதலில் கண்ணாடி, அடுத்து வெளிச்சுவரின் மூலை.

சரிசெய்வது எளிது. எழுந்ததும் படுக்கையறை ஜன்னலையும் அதற்கு எதிர்த் திசையில் உள்ள ஒரு கதவையோ ஜன்னலையோ முழுக்கத் திறந்து, ஐந்து முதல் பத்து நிமிடம் காற்றை ஓடவிடுங்கள். கண்ணாடியையும் கீழ்ச் சட்டத்தையும் பழைய துணியால் துடைத்து, துணியை வெளியே பிழியுங்கள். அடுப்பங்கரையில் காயப் போட்டால் அதே தண்ணீர் மறுபடி உள்ளே வந்துவிடும். பிறகு முற்பகல் 11 மணியிலிருந்து 2 மணிக்குள், வெயில் இருக்கும் நாளில், இன்னொரு முறை திறவுங்கள். தை மாதத்து உச்சி வெயிலில் வெளிக்காற்று 18 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமுமாக இருந்தால், ஒரு கன மீட்டரில் எட்டு கிராமுக்கும் குறைவான நீராவிதான் இருக்கும். உங்கள் அறையில் அதைவிட அதிகம் தேங்கி நிற்கிறது. இந்த நேரத்தை விட்டுவிட்டு மாலை ஆறு மணிக்குத் திறப்பதில் பயனில்லை.

கனமான திரைச்சீலை போட்ட பிறகு கண்ணாடி இன்னும் அதிகமாக வேர்க்கிறதா? அது இயல்புதான். திரை அறையின் சூட்டைக் கண்ணாடியிடம் போகவிடாமல் தடுக்கிறது, நீராவி மட்டும் ஓரங்கள் வழியாகப் போய்விடுகிறது. திரையை எடுத்துவிட வேண்டாம், இரவுக் குளிருக்கு அது நல்ல தடுப்பு. காலையில் முழுக்க ஒதுக்கிவிட்டு மேலே சொன்னபடி செய்யுங்கள்.

படுக்கையறையில் மட்டும் அல்லாமல் வீட்டின் எல்லாக் கண்ணாடியும் வேர்த்தால் சமையலறையைப் பாருங்கள். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நீராவி பிறக்கிறது. 14.2 கிலோ சிலிண்டர் தீர்வதற்குள் இருபது லிட்டருக்கு மேல் தண்ணீர் உங்கள் வீட்டுக் காற்றில் கலக்கிறது. சோறு வேகும் ஆவி இதில் சேரவில்லை. சமைக்கும்போது சமையலறை ஜன்னல் திறந்திருக்க வேண்டும், வீட்டுக்குள் போகும் கதவு சாத்தியிருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. சமையல் சூடு கூடத்துக்கும் வரட்டும் என்று உள்கதவைத் திறந்து வைக்கிறார்கள். சூடு கொஞ்சம் வரும், ஆனால் அதோடு வரும் தண்ணீர் ராத்திரியில் படுக்கையறைச் சுவரில் இறங்கும்.

ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது, அறை சூடாகவில்லை

முதலில் ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி, காற்றடிக்கும் மாலையில் ஜன்னல் நிலையைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை நேராக ஏறாமல் உள்ளே வளையும் இடமெல்லாம் கசிவு. 4க்கு 3 அடி ஜன்னலைச் சுற்றி 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், மொத்தமாகப் பார்க்கும்போது அது பக்கத்துக்குப் பதினொரு சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரத் துளைக்குச் சமம். அப்படி ஒரு துளையைச் சுவரில் யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். ஜன்னலைச் சுற்றி மெல்லிசாக ஓடுவதால் கண்ணில் படுவதில்லை. நுரை நாடாவோ ரப்பர் பட்டையோ வாங்கிக் ஜன்னல் கதவு வந்து அமரும் சட்டப் படியில் ஒட்டுங்கள். மரம் காய்ந்திருக்கும் பிப்ரவரி, மார்ச்சில் ஒட்டினால் நிற்கும்.

கசிவு இல்லையென்றால் ஜன்னல் எப்படித் திறக்கப்படுகிறது என்று பாருங்கள். “காற்று வேண்டும்” என்று இரண்டு விரல் அளவு ராத்திரி முழுக்கத் திறந்து வைப்பது நம் ஊரில் பரவலான பழக்கம். அதன் விலை என்ன?

உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிந்தது. மேலே சொன்ன அறையிலுள்ள காற்றின் எடை ஏறக்குறைய 32 கிலோதான். அதைப் பத்து டிகிரி சூடேற்ற 0.09 யூனிட் மின்சாரம் போதும், 2000 வாட் ஹீட்டருக்கு மூன்று நிமிட வேலைகூட இல்லை. அதாவது, ஜன்னலை அகலத் திறந்து அறைக் காற்று முழுவதையும் ஒரு முறை மாற்றினால் நீங்கள் இழப்பது பத்தில் ஒரு பங்கு யூனிட்டுக்கும் குறைவு. அதே அறையில் இரண்டு விரல் இடுக்கு வழியாக மணிக்கு மூன்று முறை காற்று மாறினால், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை இரண்டு யூனிட்டுக்கு மேல் போய்விடும். ஹீட்டர் அணைந்திருந்தால் அந்தச் சூடு சுவரிலிருந்து போகும்.

சுவரின் சூடு போனால் மீட்பது கடினம். 12க்கு 10 அடி, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்றின் எடை நாலரை டன். அதை ஒரே ஒரு டிகிரி ஏற்ற ஒரு யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். நான்கு சுவரும் தளமும் குளிர்ந்த பிறகு ஹீட்டரைப் போட்டால் காற்று மட்டும் சுடும், உடம்பு குளிர்ந்த சுவரைப் பார்த்து நடுங்கும். அணைத்த கால் மணி நேரத்தில் அறை பழையபடி ஆகிவிடும். ஐந்து நிமிட அகலத் திறப்பில் சுவர் குளிர்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. எட்டு மணி நேர இடுக்கில் அது தாராளமாகக் குளிரும்.

மார்கழி, தை மாதங்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். தெளிந்த வானம் உள்ள நாளில், சூரியன் சாய்ந்ததும் சரிவுகளின் மேல் குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலப் பள்ளத்தை நோக்கி இறங்கும். தலைகுந்தா போன்ற தாழ்வான புல்வெளிகளில் உறைபனி விழுவதும் சற்று மேலே உள்ள வீடுகள் தப்பிப்பதும் இதனால்தான். பள்ளத்தில் வீடு உள்ளவர்கள் மேட்டுப் பக்க ஜன்னல்களை நான்கு மணிக்கெல்லாம் மூடிவிட வேண்டும். விளக்கேற்றும் வரை திறந்திருந்தால் குளிர் உள்ளே வந்து தரையில் படுத்துக்கொள்ளும்.

அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூசணம்

முதலில் ஒரு சோதனை. சமையலறை அலுமினியத் தாளில் ஒரு சாண் சதுரம் வெட்டி, பூசணத்தைத் துடைத்துக் காயவைத்த சுவரில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் ஈரம் என்றால் அது காற்றிலிருந்து படிந்தது, ஜன்னலால் தீரும். சுவரைப் பார்த்த பக்கம் ஈரம் என்றால் சுவரே தண்ணீர் குடித்திருக்கிறது. கூரை விளிம்பு, தண்ணீர்க் குழாய், வெளியே சுவரை ஒட்டிக் குவிந்த மண் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எவ்வளவு ஜன்னலைத் திறந்தாலும் அது போகாது.

சுவர் மழை குடிக்கும் பக்கம் ஊருக்கு ஊர் மாறும். கூடலூர், நடுவட்டம், உதகையின் மேற்குப் புறம் ஆகிய இடங்களில் ஆனி, ஆடி மாதங்களின் தென்மேற்குக் காற்று மேற்குச் சுவரை அடிக்கும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கிழக்கிலிருந்து வரும். அலமாரியை அந்தச் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். உள்சுவரில் வையுங்கள், முடியாவிட்டால் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள்.

பழைய பங்களாவை வாங்கிப் புதுப்பித்தவர்களிடம் இப்போது அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: “நூறு வருஷமாக இல்லாத பூசணம் இப்போது எப்படி வந்தது?” நீங்கள் செய்தது இரண்டு வேலை. ஒவ்வொரு அறையிலும் இருந்த கணப்பை (குளிர்காயும் நெருப்பிடத்தை) செங்கல் வைத்து அடைத்தீர்கள், மர ஜன்னலை எடுத்துவிட்டு யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னல் போட்டீர்கள். அந்தப் புகைபோக்கிகள் நெருப்பு இல்லாத நாளிலும் அறைக் காற்றை மேலே இழுத்துக்கொண்டிருந்தன. மர ஜன்னலின் இடுக்குகள் அதற்கு ஈடாகக் காற்றை உள்ளே விட்டன. வீணான ஏற்பாடுதான், குளிரும் கூடவே வந்தது, ஆனால் ஈரம் தங்கவில்லை. இப்போது குளிர் வருவது நின்றது, ஆனால் ஈரம் உள்ளேயே தங்கிவிட்டது. புதிய ஜன்னலைக் குறை சொல்ல மாட்டேன், அது நல்ல ஜன்னல். அடைத்த கணப்பின் முகப்பில் ஒரு சிறிய ஜாலி (துளைத் தட்டி) வைத்து, தேவைப்படும்போது மூட ஒரு தட்டும் போடுங்கள். புகைபோக்கியின் உச்சியில் மழை புகாத தொப்பி அவசியம். இந்தச் சிறு வேலை, பூசண எதிர்ப்புப் பெயின்ட் என்று விற்கப்படும் எதையும்விட அதிகப் பலன் தரும்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எஸ்டேட் லைன் வீடுகளில் நிலைமை வேறு. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வீட்டில் எதிர்ச்சுவரில் ஜன்னல் வைக்கவே வழியில்லை. ஒரு பக்கம் மட்டும் திறப்பு உள்ள அறையில், கூரை உயரத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் வெளிக்காற்று எட்டும். அங்கே வாசல் கதவுக்கு மேலே வெண்டிலேட்டர் இருந்தால் அதில் ஒட்டிய பழைய அட்டையைப் பிய்த்தெடுங்கள். கீழே கதவு திறக்கும்போது மேலே அதுவும் திறந்திருந்தால், சூடான ஈரக்காற்று மேல்வழியே போகும், புதுக்காற்று கீழ்வழியே வரும். ஒரே பக்கத்தில் இரண்டு வழி கிடைத்துவிடுகிறது.

நாள் முழுக்க மேகம் வீட்டுக்குள் வருகிறது

மேகம் இறங்கிய நாளில் ஜன்னலைத் திறக்கவே கூடாது என்பது பாதி உண்மை. 10 டிகிரியில் முழு ஈரத்தோடு நிற்கும் மேகக் காற்றில் கன மீட்டருக்கு 9.4 கிராம் நீராவி இருக்கிறது. அது 12 டிகிரி உள்ள, சூடேற்றாத அறைக்குள் வந்தால் அங்கே ஈரப்பதம் 88 சதவீதம் ஆகும். ஒரு கைக்குட்டைகூடக் காயாது, மெத்தையும் புத்தகமும் ஈரத்தை உறிஞ்சும். அதே காற்றை உள்ளே விட்டு, மூடி, 18 டிகிரிக்குச் சூடேற்றினால் 61 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அது காய்ந்த காற்று என்றே சொல்லலாம்.

ஆகவே மழை நாளில் ஒரு வரிசை உண்டு. காற்றடிக்காத பக்கத்து ஜன்னலை மட்டும் பத்து நிமிடம் திற, மூடு, அதன் பிறகு ஹீட்டரைப் போடு. ஹீட்டர் போடும் உத்தேசம் இல்லையென்றால் அன்று ஜன்னலைத் திறக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் மேகத்தில் நீராவி மட்டும் இல்லை, நீர்த்துளிகளே மிதக்கின்றன. அவை போர்வையில் இறங்கும்.

துணி காயப்போடுவதுதான் ஆடியில் எல்லா வீட்டுக்கும் பெரிய பாடு. கையால் பிழிந்த ஒரு வாளித் துணியில் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் எளிதாகத் தங்கும். கூடத்தில் கொடி கட்டாதீர்கள். ஓர் அறையை ஒதுக்கி, அதன் உள்கதவைச் சாத்தி, வெளி ஜன்னலைச் சற்றுத் திறந்து, காற்றாடியை ஓடவிடுங்கள். இரண்டு விரல் இடுக்கை நான் ஒப்புக்கொள்ளும் ஒரே அறை அதுதான்.

கணப்பு எரிகிறது, முதுகு குளிர்கிறது

திறந்த கணப்பு சூட்டில் பெரும்பகுதியைப் புகைபோக்கி வழியாக மேலே அனுப்புகிறது. மேலே போகும் அவ்வளவு காற்றுக்கும் ஈடாக வெளிக்குளிர் எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். நெருப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நாற்காலி போட்டால் அந்தக் குளிரின் பாதையில் உட்காருகிறீர்கள். எல்லா ஜன்னலையும் துணி திணித்து அடைத்தாலோ, புகை மேலே போக வழியின்றி அறைக்குள் திரும்பும். கணப்புக்கு மிக அருகில் உள்ள ஜன்னலை மட்டும் ஒரு விரல் திறந்து, மற்றவற்றை இறுக மூடுங்கள். காற்று குறுக்கு வழியாக நெருப்புக்குப் போய்விடும், அறையின் மறுபாதி அமைதியாக இருக்கும். தணல் முழுக்க ஆறிய பிறகே புகைபோக்கித் தட்டை மூட வேண்டும். முதல் பகுதியில் சொன்ன ஆபத்து இங்கேயும் உண்டு.

குளிருக்கு ஜன்னலே வேண்டாம் என்று கட்டியவர்களும் இந்த மலையில் உண்டு. தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளின் பழைய குடில்களில் ஜன்னல் கிடையாது, குனிந்து தவழ்ந்து நுழையும் சிறிய வாசல் ஒன்றுதான். அந்தக் குடிலுக்குப் புல் வேய்ந்த கூரை. அடுப்புப் புகை அதன் வழியாகக் கசிந்து போகும். காங்கிரீட் தளத்தின் கீழ் அந்த ஏற்பாட்டை நகல் செய்ய முடியாது.

ஜன்னல் இறுகிப் போய்த் திறக்கவே வரவில்லை

மழையில் மரம் உப்பும். ஆடி மாதத்தில் தச்சரைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லாதீர்கள். அப்போது இழைத்த ஜன்னல் மாசியில் மரம் சுருங்கியதும் விரல் நுழையும் இடுக்கோடு நிற்கும், அடுத்த குளிர்காலம் முழுக்க அதற்கு விலை கொடுப்பீர்கள். முதலில் மேல் கீலின் திருகாணிகளை இறுக்குங்கள். கதவு தொங்கியிருந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். பிறகு நிலையில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து மூடித் திறந்து, கதவில் எங்கே வெள்ளை ஒட்டுகிறது என்று பென்சிலால் குறித்துவையுங்கள். அந்த இடத்தில் மெழுகுவத்தி தேய்த்து மழைக்காலத்தை ஓட்டலாம். காய்ந்த பிறகும் அங்கே உரசினால் அப்போது இழைக்கலாம்.

இழைக்கும் நாளில் கதவைக் கழற்றிக் கீழ் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே பெயின்டே இருக்காது, கறுத்து, நார் பிரிந்து நிற்கும். மாட்டியிருக்கும் கதவுக்குப் பெயின்ட் அடிப்பவரின் தூரிகை அங்கே எட்டாது. கண்ணாடியில் வழிந்த தண்ணீர், சாரல் எல்லாம் அந்த வெற்று மரத்தின் வழியேதான் ஏறுகிறது. பிரைமர் ஒரு கை, பெயின்ட் இரண்டு கை அந்த விளிம்பிலும் மேல் விளிம்பிலும் அடித்துவிட்டு மாட்டுங்கள்.

சித்திரையில் புழுக்கம், ஏசி வாங்கலாமா என்ற யோசனை

2024 ஏப்ரல் இறுதியில் உதகையிலேயே 29 டிகிரி பதிவானது. வெயில் கூடியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் பிற்பகலில் தகிக்கும் மலை வீடுகளைப் போய்ப் பார்த்தால் மேற்கு நோக்கிய பெரிய கண்ணாடிச் சுவர், அல்லது மொட்டைக் காங்கிரீட் தளம், அல்லது தகரக் கூரை இருக்கும். 6க்கு 4 அடிக் கண்ணாடியில் மாலைச் சூரியன் நேராக விழுந்தால் ஆயிரம் வாட் ஹீட்டர் ஒன்றை உள்ளே எரியவிட்டது போலத்தான். உள்திரை அதைப் பாதிதான் தடுக்கும், சூடு ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டிவிட்டது. வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ, சாய்ப்போ, ஒரு பந்தலோ போடுங்கள். கொடி ஏற்றினால் குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் வகையாகப் பாருங்கள், தை மாத வெயில் நமக்கு உள்ளே வேண்டும்.

பிறகு காற்று. பகலில் நிழல் விழும் பக்கத்து ஜன்னலின் கீழ்ப்பாதியையும் எதிர்ப்பக்கத்து வெண்டிலேட்டரையும் திறவுங்கள். உயர வித்தியாசம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாகச் சூடான காற்று மேலே வெளியேறும். அறையில் ஒரே ஜன்னல்தான் என்றால் மேசை விசிறியை அதன் முன் வெளிநோக்கித் திருப்பி வையுங்கள், கதவு வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு வெளிக்காற்று சட்டென்று இறங்கும். அப்போது எல்லாவற்றையும் அகலத் திறந்து, சுவர் தொட்டால் குளிரும் வரை, ஒரு மணி நேரமோ இரண்டோ விடுங்கள். சித்திரையில் சுவரைக் குளிரவிடுவதுதான் நோக்கம், மார்கழிக்கு நேர் எதிர். காலை ஒன்பது மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், வெயில் பக்கத்து ஜன்னல்களை மூடித் தட்டியை இறக்கிவிடுங்கள். மூன்று நான்கு நாள் இப்படிச் செய்து பாருங்கள். அதற்கும் புழுக்கம் தீராவிட்டால் கூரைக்கு வெள்ளைப் பூச்சும் அடியில் ஒரு மச்சும் (உட்கூரையும்) போடும் செலவைக் கேட்டுப் பார்த்துவிட்டு, ஏசி விலையோடு ஒப்பிடுங்கள்.